ஆற்றில் இட்ட பொன்



எங்கள் ஊர் திருநாவலூர். கெடிலம் பாயும் நாட்டில் உள்ள சிற்றூர். சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த தலம் என்பதால் அதன் பெயர் தமிழகமெங்கும் தெரியும். அவருடைய வரலாற்றில் வரும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி என் பேச்சைத் தொடங்குகிறேன்.

திருமுதுகுன்றம் எனப்படும் விருத்தாசலத்தில் இறைவன் அவருக்குப் பன்னீராயிரம் பொன் அருளினான். அவர் போக வேண்டிய ஊரோ திருவாரூர். அவ்வளவு பொன்னையும் சுமந்துகொண்டு நெடுவழி நடப்பது எங்ஙனம்? பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுவிட்டு, ஆரூர்க் கோயிற் குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு ஆணை பிறந்தது. அவரும் அவ்வாறே ஆற்றில் இட்டார். ஆனால் இடுவதற்கு முன் ஒரு காரியம் செய்தார். அப்பொன்னிலிருந்து மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். மச்சமாவது, பொன்னின் மாற்றைப் பின்னர் ஒத்துப் பார்ப்பதற்காக எடுத்து வைக்கும் சிறு துண்டு. ஆரூர்க் குளத்தில் பொன் கிடைத்தபோது அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தார், மாற்றுக் குறைந்திருந்தது. குறையைக் கண்டு பாடி முறையிட்ட பின்னரே மாற்று நிறைந்தது என்று பெரிய புராணம் கூறுகிறது.

ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்பதை நாம் அறியாமைக்கு உவமையாகச் சொல்கிறோம். ஆயின் அரசாங்கம் மக்களுக்கு உதவும்போது நாள்தோறும் செய்வது இந்தக் காரியத்தைத்தான் அன்றோ? சென்னையிலோ தில்லியிலோ பணத்தை ஆற்றில் இடுகிறார்கள். திருநாவலூரிலோ கல்வராயன் மலையிலோ இருக்கும் ஒருவர் அதைக் குளத்தில் எடுக்க வேண்டும். இடையில் அப்பணம் எவ்வழியே வருகிறது? எங்கெங்கே தங்குகிறது? வந்து சேர்ந்தது முழுத் தொகைதானா என்பதைப் பெறுபவர் எவ்வாறு அறிவார்? இவற்றை விளக்குவதே என் நோக்கம். ஏனெனில் இவ்வழியே வரும் பணத்தில் உங்கள் பங்கும் இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். எங்கள் பக்கத்து முதியவர்கள் ‘மானியம்’ என்றால் வரியில்லாமல் விடப்பட்ட நிலத்தைக் கருதுவார்கள். கோயிலுக்கும் ஊர்ப் பணியாளருக்கும் விடப்பட்ட அந்நிலம் கண்முன்னே கிடந்தது. அதன் எல்லையை ஊரார் எல்லாரும் அறிந்திருந்தனர். இன்றைய மானியமோ பணமாக இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத எண்ணாக இருக்கிறது. ஆதலால் அதன் வழியைக் கற்றுத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

இந்த ஆற்றின் முதல் துறை சட்டமன்றம். மக்கள் செலுத்தும் வரி முதலிய வருவாய் மாநிலத்தின் திரட்டு நிதியில் சேர்கிறது. சட்டத்தின் அனுமதியின்றி அந்நிதியிலிருந்து ஒரு காசும் எடுத்தலாகாது என்று நம் அரசியலமைப்பின் 266 ஆம் பிரிவு விதிக்கிறது. ஆகவே நிதியமைச்சர் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தை அவையில் வைக்கிறார். ஒவ்வொரு துறையும் தனக்கு இவ்வளவு வேண்டும் என்று கேட்கிறது. இதற்குத்தான் மானியக் கோரிக்கை என்று பெயர். செய்தித்தாளில் இச்சொல்லை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். உறுப்பினர்கள் விவாதித்து வாக்களித்த பின் நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறுகிறது. மன்னன் தன் விருப்பம்போல் அள்ளிக் கொடுத்த காலம் போய், மக்களின் சார்பாளர் கேள்வி கேட்ட பின்னரே கொடுக்கும் காலம் வந்திருக்கிறது என்பதற்கு இத்துறை சான்று.

இரண்டாம் துறை அரசாணை. சட்டமன்றம் ஒதுக்கியதாலேயே பணம் நகர்ந்துவிடாது. எந்தத் திட்டத்துக்கு, எத்தகுதி உடையவருக்கு, தலைக்கு எவ்வளவு, எந்தக் கணக்குத் தலைப்பின்கீழ் என்பவற்றை அரசாணை வரையறுக்கிறது. அதன்படி துறைத் தலைவர் மாவட்டங்களுக்குத் தொகையைப் பகிர்ந்தளிக்கிறார்.

மூன்றாம் துறை கருவூலம். ஓர் அலுவலகத்தில் பணத்தைப் பெற்று வழங்கும் பொறுப்புடைய அலுவலர் பட்டியல் எழுதி அனுப்புகிறார். ஆணை இருக்கிறதா, ஒதுக்கீடு மீதமிருக்கிறதா, கூட்டல் சரிதானா என்று கருவூலம் ஆராய்ந்து அனுமதிக்கிறது. இக்காலத்தில் இவ்வேலை பெரும்பாலும் கணினி வழியே நடைபெறுகிறது.

நான்காம் துறை வங்கி. உரியவரின் கணக்கு எண்ணுக்குப் பணம் போகிறது. எண் சரியாக இருந்து, கணக்கு உயிரோடிருந்தால் பணம் சேரும். இல்லையேல் வந்த வழியே திரும்பும்.

தில்லியிலிருந்து வரும் பணத்துக்கு இவற்றோடு இன்னொரு துறையும் உண்டு. ஊராட்சிகளுக்கான மானியத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை நியமிக்கப்படும் நிதிக்குழு, ஒன்றிய அரசு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பரிந்துரை செய்கிறது. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையுள்ள ஐந்து ஆண்டுகளுக்கு நாட்டின் ஊரக உள்ளாட்சிகளுக்கு ரூ.2,36,805 கோடி பரிந்துரைத்தது. அதில் நூற்றுக்கு அறுபது பங்கு குடிநீருக்கும் தூய்மைப் பணிக்கும் உரியது என்றும் வரையறுத்தது. மேலும் ஒரு விதி செய்தது: பணம் மாநிலத்தின் கைக்கு வந்த பத்து வேலை நாட்களுக்குள் உள்ளாட்சிகளுக்குப் போய்ச் சேர வேண்டும், தாமதித்தால் வட்டியோடு கொடுக்க வேண்டும். வழியில் பணம் தங்கும் என்பதை விதி செய்தவர்களே அறிந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

இத்தனை துறைகள் எதற்கு, நேரே கொடுத்துவிடலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொரு துறையும் ஒரு கண். முன்னவர் செய்ததைப் பின்னவர் சரிபார்க்கிறார். ஒருவர் கையிலேயே எல்லாம் இருந்தால் அவர் நல்லவராக இருக்கும்வரை மட்டுமே பணம் நலமாக இருக்கும். ஆயினும் ஒவ்வொரு கண்ணும் ஒரு தாமதத்துக்குக் காரணமாகிறது. நிதியாண்டு மார்ச்சு 31 ஆம் நாள் முடிகிறது. அதற்குள் செலவாகாத ஒதுக்கீடு பெரும்பாலும் காலாவதியாகிறது. கொடுத்த பணம் செலவானதற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் மேலே போக வேண்டும். அது போகாவிட்டால் அடுத்த தவணை வருவதில் தடை ஏற்படும். இவையெல்லாம் முடிந்த பின் தணிக்கைத் துறையினர் கணக்கைப் பார்க்கின்றனர். அவர்களுடைய அறிக்கையைச் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது. சட்டமன்றத்தில் புறப்பட்ட பணத்தின் கணக்கு, இவ்வாறு மீண்டும் சட்டமன்றத்துக்கே வந்து சேர்கிறது.

இந்த ஏற்பாட்டில் குறை எங்கே இருக்கிறது? இவ்வளவு கண்களும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. குளக்கரையைப் பார்க்கும் கண்கள் குறைவு. தணிக்கையாளர் செலவுச் சீட்டைப் பார்க்கிறார், அதில் பெற்றுக்கொண்டதற்கான கைநாட்டு இருக்கிறது, தொகை பொருந்துகிறது. அந்தக் கைநாட்டு உரிய மூதாட்டியின் கட்டைவிரலால் ஆனதுதானா என்பதைச் சீட்டு சொல்லாது. அதைச் சொல்ல வல்லவர் அம்மூதாட்டி ஒருவரே. 1985 ஆம் ஆண்டில் பிரதமராக இருந்த ராஜீவ் காந்தி, ஏழைகளுக்கென்று அரசாங்கம் செலவிடும் ஒரு ரூபாயில் பதினைந்து காசுதான் அவர்களைச் சேர்கிறது என்று வருந்திக் கூறினார். அது துல்லியமான கணக்கன்று. ஆயினும் நாட்டின் தலைமைப் பொறுப்பில் இருந்தவரே குளக்கரையில் நின்று பார்த்துச் சொன்ன சொல் என்பதால் இன்றும் நினைக்கப்படுகிறது.

பள்ளிக்கூடத்தோடு தொடர்புடைய ஒரு சான்று ஆப்பிரிக்காவில் இருக்கிறது. உகாண்டா நாட்டில் தொடக்கப் பள்ளிகளுக்கு மாணவர் தொகைக்கேற்ப அரசு மானியம் கொடுத்தது. தலைநகரின் ஏடுகளில் எல்லாம் ஒழுங்காக இருந்தன. 1990களின் நடுவில் ஆய்வாளர்கள் 250 பள்ளிகளுக்கு நேரில் சென்று, உங்கள் கைக்கு வந்தது எவ்வளவு என்று கேட்டனர். 1991 முதல் 1995 வரை அனுப்பிய மானியத்தில் சராசரியாக நூற்றுக்குப் பதின்மூன்று பங்குதான் பள்ளிகளைச் சேர்ந்திருந்தது! மிகுதி மாவட்ட அளவிலேயே வேறு வழிகளில் போய்விட்டது. அதன்பின் அந்நாட்டரசு, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதைச் செய்தித்தாளில் வெளியிடத் தொடங்கியது. பள்ளிகளும் தாம் பெற்ற தொகையை எழுதி ஒட்டுமாறு பணிக்கப்பட்டன. 2001 இல் மீண்டும் ஆராய்ந்தபோது நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் சேர்ந்திருந்தது. அக்காலத்தில் வேறு சீர்திருத்தங்களும் நடந்தன. ஆதலால் செய்தித்தாள் ஒன்றே இம்மாற்றத்தைச் செய்தது என்று கூறிவிட முடியாது என்பாரும் உளர். அது நியாயமான எச்சரிக்கையே. ஆயினும், தமக்கு வர வேண்டியது எவ்வளவு என்று அறிந்த தலைமை ஆசிரியர், அறியாதவரைவிட உறுதியாகக் கேட்க முடிந்தது என்பதில் ஐயமில்லை. செய்தித்தாளில் வந்த அந்த எண்ணே அவருக்குக் கிடைத்த மச்சம்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. சென்னையில் பிறந்து, ஆட்சிப் பணியில் சேர்ந்து, பின்னர் அதை விட்டு விலகிய அருணா ராய் என்னும் அம்மையாரும் அவருடைய தோழர்களும் இராசத்தான் மாநிலத்துச் சிற்றூர்களில் தங்கித் தொழிலாளரிடையே பணி செய்தனர். 1994 டிசம்பர் 2 ஆம் நாள் கோட் கிரானா என்ற ஊரில் மக்களைக் கூட்டி, அரசு வேலைகளின் வருகைப் பட்டியல்களை உரக்க வாசித்தனர். வேலைக்கே வராதவர் பெயர்கள் கூலி பெற்றோர் வரிசையில் இருந்தன. முற்றுப்பெறாத கட்டடம் முடிந்ததாகக் கணக்கில் இருந்தது. அலுவலகப் பேழையில் இருந்தவரை அவ்வேடுகள் குற்றமற்றவையாகத் தோன்றின. ஊரார் நடுவில் வாசித்தவுடன் உண்மை வெளிப்பட்டது. அங்கிருந்து எழுந்த இயக்கமும் அதைப் போன்ற பிறவும் சேர்ந்தே 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழி கோலின. தமிழ்நாடு அதற்கு முன்பே, 1997 இல், இத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது என்பதும் நீங்கள் அறியத் தக்கது.

அதே 2005 இல் பிறந்த மற்றொரு சட்டம் எங்கள் வட்டாரத்தை நேராகத் தொட்டது. அதுவே நூறு நாள் வேலை என்று மக்கள் வழங்கிய ஊரக வேலை உறுதிச் சட்டம். 2006 பிப்ரவரி 2 ஆம் நாள் நாட்டின் 200 மாவட்டங்களில் அது தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் தெரிந்தெடுக்கப்பட்டவை ஆறு மாவட்டங்கள். அவற்றுள் ஒன்று விழுப்புரம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2019 நவம்பரில்தான். ஆகவே திருநாவலூரும் கல்வராயன் மலையும் அத்திட்டத்தை முதல் ஆண்டிலேயே கண்டன.

அன்று நாட்கூலி 80 ரூபாய் வரை. செய்த வேலையின் அளவுக்கேற்ப அது குறைவதும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் நம் மாநிலத்தில் கூலியை ரொக்கமாகவே கொடுத்தனர். ஒரு விடுமுறை நாளில் ஏரிக்கரை வழியே நான் போய்க்கொண்டிருந்தேன். ஓர் அம்மையார் தம் வேலை அட்டையை என்னிடம் நீட்டி, “எத்தனை நாள் எழுதியிருக்குன்னு பாருங்க வாத்தியாரே” என்றார். பதினொரு நாள் எழுதப்பட்டிருந்தது. “பதிமூணு நாள் வந்தேனே!” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். வேலைக்குப் போய்வந்த ஒவ்வொரு மாலையும் வீட்டுச் சுவரில் கரியால் ஒரு கோடு இழுத்து வைப்பாராம். எழுத்தறியாத அவர் அடுத்த நாள் உரியவரிடம் சென்று, எந்த இரண்டு நாள் விடுபட்டன என்பதை நாள் பெயரோடு சொல்லிக் கேட்டார். ஏட்டைத் திருத்தினார்கள், இரண்டு நாள் கூலியும் வந்தது. அந்தக் கரிக்கோட்டையும் ஒரு மச்சமாகவே நான் கருதுகிறேன்.

பின்னர் வழி மாறியது. 2013 சனவரி முதல் பல திட்டங்களின் தொகை நேரே பயனாளியின் வங்கிக் கணக்குக்கே செல்லத் தொடங்கியது. 2014 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் நிதித் திட்டத்தால் கோடிக்கணக்கானோருக்குக் கணக்குகள் தொடங்கப்பட்டன. நூறு நாள் வேலையின் கூலியும் கணக்கு வழியாயிற்று. இடையில் நின்று எண்ணிக் கொடுத்த கை விலகியது; அதனால் விளைந்த நன்மையை மறுக்க இயலாது. ஆனால் கையின் பிழை போன இடத்தில் எண்ணின் பிழை வந்து அமர்ந்தது. ஆதாரில் ஓர் எழுத்து, வங்கியில் வேறோர் எழுத்து. தந்தையின் முதலெழுத்து முன்னே இருக்க வேண்டியது பின்னே. நெடுநாள் தொடாததால் முடங்கிய கணக்கு. மாறிப்போன தொலைபேசி எண். இவற்றுள் ஒன்று போதும், பணம் திரும்பிப் போவதற்கு. கையால் குறைத்துக் கொடுத்தவரிடம் சண்டையிடலாம். எண்ணிடம் எவ்வாறு சண்டையிடுவது?

இவ்விடத்தில் என் பிழை ஒன்றை நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

கல்வராயன் மலையின் அடிவாரத்தில் ஒரு மேனிலைப் பள்ளியில் நான் தலைமை ஆசிரியனாக இருந்தேன். 1976 வரை சாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. அரசாங்கத்தின் காகிதம் அங்கே காலந்தாழ்ந்தே ஏறியது. மலையிலிருந்து இறங்கிவந்து எங்கள் விடுதியில் தங்கிப் படித்தாள் ஒரு மாணவி. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய வகுப்புகளை இடைநில்லாமல் முடிக்கும் அரசுப் பள்ளி மாணவருக்குச் சிறப்பு ஊக்கத்தொகையாக மொத்தம் 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011-12 இல் தொடங்கியிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பின் அத்தொகை கிடைக்கும். அவள் பெயரையும் வங்கி எண்ணையும் பட்டியலில் எழுதி அனுப்பினோம். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. பட்டியல் திருத்தத்துக்காகத் திரும்பி வந்தது. வந்த காகிதத்தை நான் கோப்பில் சேர்க்குமாறு ஒப்பமிட்டுவிட்டு, தேர்வு வேலையில் மறந்துபோனேன்.

ஓராண்டுக்கும் மேல் கழிந்தது. பேழையைத் துப்புரவு செய்கையில் அக்காகிதம் அகப்பட்டது. விசாரித்தேன். அவள் திருப்பூரில் பனியன் தொழிற்சாலை வேலைக்குப் போயிருந்தாள். கல்லூரியில் இடம் கிடைத்தும், சேர்க்கைக் கட்டணத்துக்கும் பெட்டி படுக்கைக்கும் வேண்டிய பணம் புரளாமையால் அவள் தந்தையார் அவளை வேலைக்கு அனுப்பிவிட்டார். பொங்கலுக்கு ஊர் வந்தபோது அவளை அழைத்து எண்ணைத் திருத்தி அனுப்பினேன். பணமும் பின்னர் வந்தது. அன்று அவளிடம், “ஏனம்மா நீ வந்து கேட்கவில்லை?” என்றேன். என் குற்றத்தை அவள் தோளில் ஏற்றும் கேள்வி அது என்பது கேட்ட பிறகே எனக்கு உறைத்தது. அவள் சினம் கொள்ளவில்லை. “எனக்குப் பணம் வரும்னே தெரியாது, சார். தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பேன்” என்றாள்.

சட்டமன்றம் தன் வேலையைச் செய்திருந்தது. அரசாணை தெளிவாக இருந்தது. கருவூலத்திலும் பணம் இருந்தது. நூற்றுக்கணக்கான கல் தொலைவைத் தவறாமல் கடந்து வந்த பணம், என் மேசைக்கும் அவள் இருக்கைக்கும் இடையே இருந்த பத்தடித் தொலைவில் நின்றுவிட்டது. அவள் கையில் நான் மச்சம் வெட்டிக் கொடுத்திருந்தால் அவளே வந்து என் மேசையைத் தட்டியிருப்பாள். அக்கல்லூரி இடம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அவ்வாண்டு முதல் நான் ஒரு வழக்கத்தை மேற்கொண்டேன். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அரசின் உதவித் திட்டங்கள் யாவற்றையும், தொகையையும், வரவேண்டிய மாதத்தையும் உரக்கப் படிக்கச் செய்தேன். அறிவிப்புப் பலகையிலும் எழுதி ஒட்டச் செய்தேன். ஆயின் இன்ன மாணவருக்கு இன்ன உதவி என்று பெயர் சொல்லிப் படிக்கவில்லை. சாதி காரணமாகவும் வறுமை காரணமாகவும் கிடைக்கும் உதவியைப் பலர் நடுவே கூவுவது பிள்ளையின் மனத்தைப் புண்படுத்தும். அவரவர் பெயரும் தொகையும் எழுதிய சீட்டை அவரவர் கையிலேயே கொடுத்து, வங்கிப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து வருமாறு சொன்னேன். திட்டம் பலரறிய இருக்க வேண்டும். கணக்கும் பலரறிய இருக்க வேண்டும். பெறுபவரின் மானம் மட்டும் காக்கப்பட வேண்டும். இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்பட்டவை அல்ல.

அறிந்தால் மட்டும் போதுமா என்று கேட்பீர்களாயின், போதாது என்பதையும் சொல்ல வேண்டும். நூறு நாள் வேலையில் கூலியைப் பதினைந்து நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கூறியது. தாமதித்தால் பதினாறாம் நாளுக்கு மேல் நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு என்றும் விதி இருந்தது. 2025-26 இல் தமிழ்நாட்டில் நாட்கூலி 336 ரூபாய். ஆறு நாள் கூலி 2,016 ரூபாய் தங்கிப்போனால், ஒரு நாள் தாமதத்துக்கு ஏறத்தாழ ஒரு ரூபாய் ஆகிறது. இந்தச் சிறு கணக்கை அறிந்த தொழிலாளர் எத்தனை பேர்? அறிந்தவர்களும் 2025 சனவரியில் காத்திருக்க நேர்ந்தது. அப்போது ரூ.1,056 கோடிக் கூலியை விடுவிக்குமாறு தமிழக முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஆற்றிலேயே பொன் இடப்படாதபோது குளத்தில் தேடிப் பயனில்லை. ஆயினும் வர வேண்டிய தொகை இவ்வளவு என்று எண்ணிக் காட்ட முடிந்ததனால்தான் அதை உரிமையாகக் கேட்க முடிந்தது. அந்தப் பழைய சட்டத்துக்கு மாற்றாக, 125 நாள் வேலை என்று கூறும் புதிய சட்டத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இயற்றியது. சட்டங்கள் மாறும்; தொகைகள் மாறும். கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை.

அக்கேள்விகள் நான்கு. எனக்கு உரிய தொகை எவ்வளவு? எந்த ஆணையின்படி? எந்நாளுக்குள் வர வேண்டும்? வராவிட்டால் யாரைக் கேட்பது? இந்நான்குக்கும் விடையை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்களில் சிலர் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களாக இருப்பீர்கள். மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 ஆம் நாள் தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9 ஆம் நாள் தொடங்கப்பட்டது. அவை உங்களுக்கு உரியனவா என்று அறிந்து, ஒவ்வொரு மாதமும் வங்கிப் புத்தகத்தில் ஒத்துப் பாருங்கள். ஆதாரிலும் வங்கியிலும் கல்விச் சான்றிதழிலும் உங்கள் பெயர் ஒரே வகையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இது சிறு வேலை, ஆனால் பெருந்துன்பம் தவிர்ப்பது.

உங்கள் கணக்கைப் பார்த்ததோடு நின்றுவிடாதீர்கள். வீட்டில் பாட்டியின் முதியோர் உதவித்தொகை வந்ததா என்று பார்த்துச் சொல்லுங்கள். கிராம சபைக்குச் செல்லுங்கள். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் அதைக் கூட்டுவதென்று 2022 இல் நம் மாநில அரசு அறிவித்தது. பதினெட்டு வயது நிறைந்து வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியவர் எவரும் அதன் உறுப்பினரே. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வாசிக்கப்படும்போது தூங்காமல் கேளுங்கள். விளங்காததைப் பணிவோடு கேளுங்கள். வாய்மொழியால் விடை கிடைக்காவிடில், பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு தாளில் எழுதிக் கேட்கும் உரிமையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தந்திருக்கிறது; முப்பது நாட்களுக்குள் விடை தர வேண்டுவது அலுவலரின் கடமை. கேள்வி கேட்பது பகைமையன்று. திரும்பி வந்த அந்தப் பட்டியலைப் பற்றி எவரேனும் என்னைக் கேட்டிருந்தால், அவருக்கு நான் வாழ்நாள் முழுதும் நன்றி பாராட்டியிருப்பேன்.

உங்களில் பலர் நாளை ஆசிரியராகவும், எழுத்தராகவும், கருவூல அலுவலராகவும், மாவட்டத்தை ஆள்பவராகவும் வருவீர்கள். அப்போது நீங்கள் ஆற்றின் ஏதேனும் ஒரு துறையில் நிற்பீர்கள். அரசின் திறத்தைக் கூறவந்த வள்ளுவர், பொருள் வரும் வழியைத் தோற்றுவிப்பதையும் சேர்ப்பதையும் காப்பதையும் சொல்லி, முடிவில் பகுத்துக் கொடுப்பதை வைத்தார். கடைசியாகச் சொன்னதால் அது எளிது என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் மேசைக்கு ஒரு காகிதம் திரும்பி வரும்போது, அதன் மறுமுனையில் ஒரு பெண் பெட்டி கட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று எண்ணுங்கள். கல்லூரிக்கா, பனியன் தொழிற்சாலைக்கா என்பது அன்று மாலைக்குள் நீங்கள் இடும் ஒப்பத்தைப் பொறுத்தது.